ஃப்ரீ டிரான்ஸ்ஃபர்ல வர்ற வயசான ஸ்ட்ரைக்கருக்கு அவ்ளோ சம்பளம் குடுக்கலாமா?

கிருஷ்ணகிரி_ரெட்:

எங்க மான்செஸ்டர் யுனைட்டட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வாரமா இதே சண்டைதான் ஓடுது, இங்கயாவது நிதானமா பேசுவீங்கன்னு கேக்குறேன். 33, 34 வயசு ஸ்ட்ரைக்கர் யாராவது காண்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீயா இருக்கான்னு நியூஸ் வந்தா போதும், பாதி பேரு "தூக்குங்கடா, பழைய கிளப்புக்கு ஃபீயே குடுக்க வேணாம்"ன்றானுங்க, மீதி பேரு "வாரத்துக்கு ரெண்டு லட்சம் பவுண்ட் தண்டம்"ன்றானுங்க.

நான் குடுக்கலாம்ன்ற கட்சி. கவானிய எடுத்துக்கோங்க. 2020 அக்டோபர்ல டெட்லைன் டே, அதாவது ஆள் வாங்குறதுக்குக் கடைசி நாள் அன்னிக்கு வந்தான், பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி காண்ட்ராக்ட் முடிஞ்சு மாசக்கணக்குல கிளப்பே இல்லாம இருந்த ஆளு, வயசு 33, அப்ப எல்லாரும் சிரிச்சாங்க. சவுத்தாம்ப்டன் மேட்ச் ஞாபகம் இருக்கா, ஹாஃப் டைம்ல 2-0 பின்னாடி இருக்கோம், உள்ள வந்தான், புரூனோவுக்கு ஒரு கிராஸ், கோல். அப்புறம் தானே ரெண்டு ஹெட்டர், ரெண்டாவது இஞ்சுரி டைம்ல, 3-2. டிஃபண்டர் முதுகுக்குப் பின்னாடி நின்னுட்டு பந்து வர்றதுக்கு ஒரு அடி முன்னாடி அவனுக்கு முன்ன வந்து நிப்பான் பாருங்க, அதெல்லாம் இருபது வயசுப் பையனுக்கு வராது. அந்த சீசன் மொத்தம் 17 கோல், யூரோப்பா லீக் செமில ரோமாவ 6-2 அடிச்சதுல ரெண்டு அவனோடது. ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சும் அப்படித்தான், 2016-17ல 28 கோல், லீக் கப் ஃபைனல்ல ரெண்டு அடிச்சு கப்ப வாங்கிக் குடுத்தான், அவனுக்கும் டிரான்ஸ்ஃபர் ஃபீ கிடையாது.

எதிர்க்கட்சி ரொனால்டோவ காட்டுது, அலெக்சிஸ் சான்செஸ காட்டுது. சான்செஸ் 45 மேட்ச்ல 5 கோல்னு யாராவது சொன்னா அதுக்கு மேல எனக்கும் பேச வாய் வர்றதில்ல, ஆனா அவன் வந்தப்ப 29 வயசுதான், அத ஏன் வயசானவன் கணக்குல சேக்குறீங்க.

என் கேள்வி இதுதான், ஒரு ஆளுக்குக் குடுத்த சம்பளம் வொர்த்தா இல்லயான்னு எத வச்சு முடிவு பண்றது? ஒரு கோலுக்கு இவ்ளோன்னு வகுத்துப் பாக்குறதா, இல்ல வேற கணக்கு ஏதாவது இருக்கா?

பாலக்கோடு_கன்னர்:

ப்ரோ நீ சொன்ன ரெண்டு பேரோட முதல் வருஷத்த மட்டும் சொல்லிட்டு நிறுத்திட்ட. ரெண்டாவது வருஷத்தையும் சொல்லு. ரோமா மேட்ச் முடிஞ்ச சூட்டோட 2021 மே மாசம் கவானிக்கு இன்னொரு வருஷம் நீட்டுனீங்க, அந்த வருஷம் மொத்தம் 2 கோல். ஸ்லாட்டனுக்கு 2017 ஏப்ரல்ல முட்டி போச்சு, ஆகஸ்ட்ல திரும்ப சைன் பண்ணி 10ஆம் நம்பர் சட்டை குடுத்தீங்க, ஒரே ஒரு கோலோட மார்ச்ல அமெரிக்கா கிளம்பிட்டான்.

எங்க ஆர்சனல் கதை இன்னும் மோசம். ஒபமெயாங் 2020 எஃப்ஏ கப்ப தனியா தூக்கிக் குடுத்தான்னே சொல்லலாம், செமில சிட்டி மேல ரெண்டு, ஃபைனல்ல செல்சி மேல ரெண்டு. ஸ்டேடியம் காலி, கொரோனா டைம், இங்க ஊரடங்குல வீட்ல உக்காந்து பாத்தோம், அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல. அடுத்த மாசமே நாங்க எல்லாரும் "சைன் தி கான்ட்ராக்ட்"னு கத்துனோம், 31 வயசு ஆளுக்கு மூணு வருஷ காண்ட்ராக்ட், வாரத்துக்கு மூணரை லட்சம் பவுண்ட் பக்கம்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. அதுக்கு முந்தின சீசன் லீக்ல 22 கோல், சைன் பண்ண சீசன்ல 10. 2021 டிசம்பர்ல கேப்டன்சிய புடுங்குனாங்க, 2022 பிப்ரவரில பார்சிலோனாவுக்கு சும்மாவே அனுப்பிட்டாங்க. ஒரு பைசா ஃபீ கிடையாது.

அதனால என் கருத்து, வயசான ஆள வாங்குறது தப்பே இல்ல. அவன் ஒரு நல்ல சீசன் ஆடுனதுக்கு நன்றிக்கடன் மாதிரி அடுத்த காண்ட்ராக்ட் குடுக்குறாங்க பாரு, பணம் அங்கதான் போகுது. முடிஞ்சு போன கோலுக்கு வர்ற வருஷம் சம்பளம் குடுக்கக் கூடாது.

ஓசூர்_சம்பளக்கணக்கு:

நான் சிப்காட்ல ஒரு கம்பெனில பேரோல் பாக்குறவன், அதனால இந்த திரெட்ட பாத்துட்டு சும்மா போக முடியல. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு, எந்த நாட்டு சம்பளத்தப் பத்தி பேசுறீங்கன்னு பாருங்க. இங்கிலாந்து பேப்பர்ல வாரக்கணக்குல எழுதுவான், அது வரி புடிக்கிறதுக்கு முன்னாடி உள்ள தொகை. இத்தாலி பேப்பர்ல வருஷக்கணக்குல, வரி போக கைக்கு வர்ற தொகைய எழுதுவான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு "மிலன் எவ்ளோ கம்மியா குடுக்குறான் பாரு"ன்னு சொல்றது தப்பான கணக்கு, நம்ம குரூப்ல எல்லாம் தினமும் நடக்குறது இதுதான். அதுவும் கிளப்புங்க ஒரு ஆளோட சம்பளத்த வெளிய சொல்றதே இல்ல, எல்லாம் பத்திரிகைக்காரங்க எழுதுறதுதான். அமெரிக்காவுல மட்டும் அவங்க லீக் எம்எல்எஸ்ஸோட பிளேயர்ஸ் யூனியனே லிஸ்ட் போட்டுரும்.

இப்ப கணக்குக்கு வருவோம். வாரத்துக்கு 2 லட்சம் பவுண்டுன்னா வருஷத்துக்கு 1 கோடியே 4 லட்சம் பவுண்ட். அதுக்கு மேல கிளப் தன் கையில இருந்து நேஷனல் இன்சூரன்ஸ் கட்டணும், 2025 ஏப்ரல்ல இருந்து அது 15 சதவீதம், நம்ம கம்பெனில பிஎஃப்-க்கு முதலாளி பங்குன்னு தனியா போடுற மாதிரி. ஆக ஒரு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் பவுண்ட். சைனிங் ஆன் பணம், ஏஜென்ட் கமிஷன் இதெல்லாம் தனி, ஃபீ இல்லாம வர்ற ஆளுன்னாலே அது ரெண்டும் பெருசா இருக்கும், ஏன்னா ஃபீ மிச்சம்னு தெரிஞ்சுதான் ஏஜென்ட் பேச உக்காருவான்.

இப்ப ஒரு 22 வயசுப் பையன 3 கோடி பவுண்டுக்கு அஞ்சு வருஷ காண்ட்ராக்ட்ல வாங்குறதா வச்சுக்குவோம், சம்பளம் வாரத்துக்கு 60 ஆயிரம். ஃபீய அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுதான் புக்ஸ்ல எழுதுவாங்க, வருஷத்துக்கு 60 லட்சம். சம்பளம் 31 லட்சம் சொச்சம், இன்சூரன்ஸ் நாலரை லட்சம் சொச்சம். மொத்தம் 96 லட்சம் பவுண்ட் பக்கம் வருது. அதாவது சும்மா வந்த ஆளு வருஷக் கணக்குல காசு குடுத்து வாங்குன பையன விட அதிக செலவு. பையன ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா காசு வரும், 34 வயசு ஆள வித்தா எதுவும் வராது.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு, பையன் சரியா வரலன்னா அஞ்சு வருஷத்துக்கு மாட்டிக்கிட்டீங்க, பெரியவர் சரியா வரலன்னா ஒரு வருஷத்தோட போச்சு. ஆனா அந்த ஒரு வருஷம்ன்றது காண்ட்ராக்ட்ல இருக்கணும், பாலக்கோடு தம்பி சொன்ன மாதிரி மூணு வருஷம் எழுதிட்டா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

இந்த நம்பர் எல்லாம் முன்னாடி மாதிரி விளையாட்டு இல்ல. பிரீமியர் லீக்ல மூணு வருஷத்துக்கு 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல நஷ்டம் காட்டக் கூடாதுன்னு ரூல் வச்சிருந்தாங்க, அத மீறினதுக்கு எவர்டனுக்கு 2023 நவம்பர்ல 10 பாயிண்ட் வெட்டினாங்க, அப்பீல்ல 6 ஆச்சு. ஐரோப்பா ஃபுட்பால் சங்கம் யூஇஎஃப்ஏ தனியா பிளேயர் சம்பளம், ஃபீ தவணை, ஏஜென்ட் காசு எல்லாம் சேத்து வருமானத்துல 70 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்கான். ஓனர் பணக்காரன் குடுத்துட்டுப் போறான்னு சொல்ற காலம் முடிஞ்சு போச்சு.

அரூர்_ரோசோனேரி:

ரெண்டாவது வருஷம் எல்லாரும் படுத்துருவாங்கன்றது ரூல் மாதிரி பேசாதீங்க ப்ளீஸ். ஜிரூ 2021ல செல்சிகிட்ட இருந்து மிலன் வந்தப்ப 34 வயசு, ஃபீ ரொம்ப சொற்பம். முதல் சீசன் லீக்ல 11 கோல், அதுல 2022 பிப்ரவரி இன்டர் மேல டெர்பி இருக்கே, 1-0 பின்னாடி இருந்து மூணு நிமிஷத்துல ரெண்டு கோல், கடைசி நாள் சசுவோலோ மேல இன்னும் ரெண்டு, 11 வருஷம் கழிச்சு ஸ்குடெட்டோ, அதான் இத்தாலி லீக் பட்டம். ரெண்டாவது சீசன் 13, மூணாவது சீசன் 15. வயசு ஏற ஏற கோலும் ஏறுச்சு.

ஏன்னு யோசிச்சீங்களா? ஜிரூ எந்தக் காலத்துலயும் ஓடி ஜெயிச்ச ஆள் இல்ல. ஸ்டாப்பர, அதான் நடு டிஃபண்டர, முதுகுல தாங்கிக்கிட்டு பந்த நெஞ்சுல எறக்கி ஓடி வர்றவனுக்கு வைப்பான், நியர் போஸ்ட்ல ஒரு டச். அது 36லயும் இருக்கும். ஒபமெயாங்கோட ஆட்டமே ஸ்பீட், அது போனா எல்லாம் போச்சு. லூகா டோனி வெரோனால 38 வயசுல 22 கோல் அடிச்சு இத்தாலி லீக் சீரி ஆல டாப் ஸ்கோரர் ஆனான், குவாலியரெல்லா 36 வயசுல 26. இவங்க யாரும் வேகத்த நம்பி இருந்தவங்க இல்ல. பிறந்த தேதிய பாத்து சம்பளம் பேசாதீங்க, அவன் எத வச்சுப் பொழைக்கிறான்னு பாருங்க.

ஓசூர் அண்ணா சொன்ன வரி விஷயத்துல ஒண்ணு சேத்துக்கோங்க, அப்ப இத்தாலில வெளிநாட்டுல இருந்து வர்றவங்களுக்கு சம்பளத்துல பாதிக்குத்தான் வரின்னு ஒரு சலுகை இருந்துச்சு. அதனாலதான் மிலன், இன்டர், ரோமா எல்லாம் அந்த வயசு ஆளுங்கள தைரியமா எடுத்தாங்க. 2024ல இருந்து அத நிறுத்திட்டாங்க.

கிருஷ்ணகிரி_ரெட்:

ஓசூர் அண்ணா ரொம்ப நன்றி, இப்படி யாரும் எங்களுக்கு சொன்னதே இல்ல. அரூர் ப்ரோ, ஓடுற ஆளு ஓடாத ஆளுன்னு பிரிச்சது நல்லா இருக்கு. ஆனா அப்ப ரொனால்டோ எந்தப் பக்கம்? 36 வயசுல வந்து 24 கோல் அடிச்சான், ஸ்பர்ஸ் மேல ஹாட்ரிக், நார்விச் மேல ஹாட்ரிக், அவன் இல்லன்னா சாம்பியன்ஸ் லீக் குரூப்லயே வெளிய போயிருப்போம். அப்புறமும் அந்த சீசன் தோல்வின்னுதான் எல்லாரும் சொல்றாங்க. கோல் அடிச்சும் திட்டுனா ஸ்ட்ரைக்கர் வேற என்னதான் பண்ணனும்?

பென்னாகரம்_10:

டீம் கோல பாருங்க. ரொனால்டோ வர்றதுக்கு முந்தின சீசன் யுனைட்டட் லீக்ல 73 கோல், ரெண்டாவது இடம். ரொனால்டோ 18 அடிச்ச சீசன்ல டீம் மொத்தமே 57, வாங்குனதும் 57, ஆறாவது இடம். அவன் மேல மட்டும் பழி போடல, கோச் மாறுனான், டிஃபன்ஸ் செத்துப் போச்சு. ஆனா முன்னாடி நின்னு பிரஸ் பண்ற, அதாவது எதிராளிகிட்ட பந்து இருக்கும்போதே ஓடி நெருக்குற ஆள் இல்லன்னா பின்னாடி பத்து பேரும் கூடுதலா ஓடணும், அந்த செலவு சம்பளச் சீட்டுல தெரியாது. கவானி ஏழாம் நம்பர் சட்டையையும் அவனுக்காகத்தான் கழட்டிக் குடுத்தான், கவானியாவது பேக்ல வந்து டேக்கிள் போடுவான்.

தர்மபுரி_கோச்:

தம்பிங்களா எல்லாம் நல்லாத்தான் பேசுறீங்க, ஆனா பெரிய கிளப்பு கணக்கையே பேசிக்கினு இருக்கீங்க. இதே சங்கதி நம்ம ஊரு டோர்னமெண்ட்லயும் இருக்குது, அங்க பாத்தா இன்னும் பளிச்சுனு தெரியும்.

நான் சாயங்காலத்துல பசங்களுக்குக் கோச்சிங் குடுக்குறவன். நம்ம பக்கம் எழுவர் டோர்னமெண்ட் வந்துச்சுன்னா டீமுங்க கெஸ்ட் பிளேயர் எறக்குவாங்க, எல்லாருக்கும் தெரியும். டிபார்ட்மெண்ட்ல ஆடி ரிட்டயர்டு ஆகுற வயசுல இருக்குற ஃபார்வர்டு, மேட்ச்சுக்கு இவ்ளோன்னு பேசி, பஸ் சார்ஜ், ரூமு, சாப்பாடு எல்லாம் குடுத்து கூட்டிக்கினு வருவாங்க. ஒரு டீமு, பேரு வேணாம், அப்படி ஒருத்தர எறக்கிச்சு. லீக் மேட்ச்ல ரெண்டு கோல் போட்டாரு, நெஜம். ஆனா அந்த டீமுக்கு வருஷம் பூரா ஆடுன பசங்க கைக்காசு போட்டு பஸ் ஏறி வந்தாங்க, பூட்ஸ்ல அடி பிஞ்சு ஃபெவிகுவிக் போட்டு ஒட்டிக்கினு ஆடுனான் ஒருத்தன். அவன் எடத்துலதான் அவர எறக்கினாங்க. செமில அந்தப் பெரியவருக்கு ஹாம்ஸ்ட்ரிங் புடிச்சுக்கிச்சு, மாத்தி எறக்க ஆளு பாத்தா அந்தப் பையன் மூஞ்சத் தூக்கிக்கினு ஓரமா உக்காந்திருக்கான், எறங்கவே மனசில்ல. மேட்ச் போச்சு. இதுல சம்பளம் எவ்ளோன்றது ரெண்டாவது விஷயம், மத்தவனுக்கு எவ்ளோ குடுத்தாங்கன்றதுதான் டீம உடைச்சுது. அலெக்சிஸ் சான்செஸ் பெரிய சம்பளத்தோட வந்தப்ப யுனைட்டட்ல பழைய ஆளுங்க மனசுலயும் இதான் ஓடியிருக்கும்.

இன்னொரு பெரியவரையும் பாத்திருக்கேன். மேட்ச் காலைலதான், ஆனா முந்தின நாள் மத்தியானமே வந்துட்டாரு. பசங்கள நிக்க வச்சு, ஸ்டாப்பர் வர்றப்ப முன்னங்கைய எப்படி குறுக்க வைக்கணும், எந்தக் கால ஊனணும், பந்து வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ தோளுக்குப் பின்னாடி திரும்பிப் பாக்கணும்னு இருட்டுற வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு. அவரு அந்த டோர்னமெண்ட்ல பெருசா கோல் எதுவும் போடல. ஆனா எங்க பசங்க ரெண்டு பேரு இன்னிக்கும் அப்படித்தான் முதுக குடுத்து நிக்கிறாங்க. அவருக்கு குடுத்த காசு எங்களுக்குக் கம்மின்னுதான் நான் சொல்லுவேன்.

2007ல லார்சன் யுனைட்டடுக்கு லோன்ல வந்தாரே, 35 வயசு, ரெண்டரை மாசம், 13 மேட்ச், 3 கோல்தான். இன்னிக்கு வரைக்கும் அந்த டீம்ல ஆடுனவங்க அவரப் பத்திப் பேசுறாங்க. ஒரு கோலுக்கு இவ்ளோன்னு வகுத்தா அவரு ஃபெயிலு.

காண்டீரவா_பஸ்:

கோச் சாரோட முழுசா ஒத்துப் போறேன், ஆனா நம்ம இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) பத்தி யாருமே பேசல. நான் கிருஷ்ணகிரில இருந்து பெங்களூரு எஃப்சி மேட்ச்சுக்குப் போறவன், முடிஞ்ச உடனே சாந்திநகர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடணும், எக்ஸ்ட்ரா டைம் போச்சுன்னா நம்ம ஊரு பஸ்ல நின்னுட்டே வரணும்.

ஆரம்பத்துல நம்ம லீக்ல வயசான பெரிய பேருங்களுக்குத்தான் காசு. டெல் பியரோ 2014ல டெல்லிக்கு வந்தாரு, ஒரு கோல். பெர்படோவ் 2017ல கேரளாவுக்கு, அவரும் ஒரு கோல். ஃபோர்லான் மும்பைக்கு 5 அடிச்சாரு, டீமையும் செமி வரைக்கும் கொண்டு போனாரு, அது நல்ல காசு. ஒக்பெச்சேய பாருங்க, பெரிய போஸ்டர் எல்லாம் கிடையாது, 37 வயசுல ஹைதராபாத்துக்கு 18 கோல், கோல்டன் பூட், டீம் சாம்பியன். ஆளப் பாத்து குடுக்கணும், போஸ்டரப் பாத்து குடுக்கக் கூடாது.

அப்புறம் சேத்ரி. 40 வயசு, 2024-25ல 14 கோல், இந்தியன்ஸ்ல அவர்தான் முதல். கோவா மேல செமி ரெண்டாவது லெக்ல இஞ்சுரி டைம்ல அந்த ஹெட்டர், ஃபைனலுக்குக் கொண்டு போச்சு. அவருக்கு எவ்ளோ குடுத்தாலும் தகும். ஆனா அதே வருஷம் மார்ச்ல இந்தியா டீமுக்கு கோல் அடிக்க ஆள் இல்லாம ரிட்டயர் ஆன அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க பாருங்க, எனக்கு அது சந்தோஷமாவும் இருந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு. கிளப்பு எல்லாம் ஒன்பதாம் நம்பருக்கு, அதான் நடு ஸ்ட்ரைக்கருக்கு, வெளிநாட்டு ஆளத்தான் எறக்குது, நம்ம பையன் விங்லயோ பெஞ்ச்லயோ உக்காந்திருக்கான். கோச் சார் சொன்ன அந்த பூட்ஸ் ஒட்டுன பையன் கதைதான் இந்தியா பூரா.

சம்பளம் பேசுறவங்களுக்கு இன்னொண்ணு, 2025 ஆகஸ்ட்ல லீக் நடக்குமான்னே தெரியாம பெங்களூரு கிளப்பே ஃபர்ஸ்ட் டீம் சம்பளத்த நிறுத்தி வச்சுச்சு. காண்ட்ராக்ட்ல எழுதினது கைக்கு வந்தாத்தான் அது சம்பளம்.

மத்தூர்_குலே:

ஒரே ஒரு லைன் எங்க பார்சிலோனா பக்கம். லெவண்டோஸ்கிக்கு 33 வயசுல 4.5 கோடி யூரோ ஃபீயும் குடுத்து நாலு வருஷ காண்ட்ராக்ட்டும் குடுத்தோம், அவனையும் மத்தவங்களையும் லீக்ல ரெஜிஸ்டர் பண்ண 25 வருஷத்துக்கு டிவி வருமானத்துல கால் பங்க வித்தோம். முதல் வருஷம் 23 கோல், லீக் ஜெயிச்சோம். மூணாவது வருஷம் 36 வயசுல 27 கோல், திரும்பவும் லீக். ஆள்கிட்ட ஒரு குறையும் இல்ல. ஆனா அந்த கால் பங்கு அவன் போனப்புறமும் பல வருஷத்துக்கு வராது, அந்தக் கணக்க யாரு தலைல எழுதுறது?

கிருஷ்ணகிரி_ரெட்:

எல்லாருக்கும் நன்றி. நான் குடுக்கலாம்ன்ற கட்சிலதான் இன்னும் இருக்கேன், ஆனா குரூப்ல இனி இப்படித்தான் பேசப் போறேன்: ஒரு வருஷம் மட்டும், ஓட்டத்த நம்பாத ஆளு, நீட்டிப்புக்கு கிளப் கைல மட்டும் உரிமை, டிரெஸ்ஸிங் ரூம்ல மத்தவனுக்கு எரியாத அளவு சம்பளம். மத்தூர் ப்ரோ, உங்க கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, ரெஜிஸ்டர் பண்ண டிவி காச விக்க வேண்டிய நிலைமைல இருக்குற கிளப்பு எந்த வயசு ஆளையும் வாங்கக் கூடாதுன்னு எனக்குத் தோணுது.

ஓசூர் அண்ணா, கடைசியா ஒண்ணு. வாரத்துக்கு ஒன்றரை லட்சம்னு பேசி, அதுல பாதிய ஆடுனா மட்டும்தான்னு எழுதினா எவ்ளோ மிச்சமாகும்னு போட்டுக் குடுங்களேன், குரூப்ல அப்படியே ஒட்டிடுறேன்.

ஓசூர்_சம்பளக்கணக்கு:

வருஷத்துக்கு 78 லட்சம் பவுண்ட். பாதி 39 லட்சம் எப்படியும் குடுக்கணும். மீதி 39 லட்சத்த 30 ஸ்டார்ட்டுக்குப் பிரிச்சா ஒரு மேட்ச்சுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். ஆளு அடிபட்டு 10 மேட்ச்தான் ஸ்டார்ட் பண்ணான்னா மொத்தம் 52 லட்சம், மிச்சம் 26 லட்சம், இன்சூரன்ஸ்ல இன்னும் கிட்டத்தட்ட 4 லட்சம் மிச்சம். 30ம் ஆடினா முழு சம்பளமும் வாங்கிக்கட்டும், அதுல கிளப்புக்கு எந்த வருத்தமும் இருக்காது. ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க, இந்த மாதிரி எழுதினா காசு மிச்சம் புடிக்க ஆள பெஞ்ச்ல வைக்கிற வேலைய சில கிளப் பண்ணும், பிளேயரோட ஏஜென்ட் அதுக்கும் சேத்து காண்ட்ராக்ட்ல ஒரு கண்டிஷன் கேப்பான், கேக்கணும்.